பன்னிரண்டு அடி

டோட்டல் ஸ்டேஷனுக்குப் பனி பிடிக்காது.
எதிர்ச்சரிவில் பிரிசம் கம்பைப் பிடித்தபடி
தீர்த்தமலை நின்றுகொண்டுதான் இருந்தார்;
கருவிக்குத்தான் அவர் இல்லை.
நாகலூர்ப் பக்கமிருந்து ஏறிய மூட்டம்
முதலில் சில்வர் ஓக் உச்சிகளை எடுத்தது,
பிறகு காப்பிச் செடிகளை,
பிறகு அவருடைய சிவப்புக் குல்லாயை.
"இருக்கீங்களா?" என்று கத்தினேன்.
"இருக்கேன்மா. நீ இருக்கியா?"

பதினோரு கிலோவோல்ட். இருபத்து மூன்று கம்பங்கள்.
கடைசியில் ஒரு டிரான்ஸ்பார்மர்,
அதற்கும் அப்பால் முப்பத்தொரு வீடுகள்.
சேலத்து அலுவலகத்தில் இந்தக் கோட்டை
ஸ்கேல் வைத்து ஒரே இழுப்பில் போட்டார்கள்.
காகிதத்தில் சேர்வராயன் ஏற மூச்சு வாங்காது.

பதினோராம் முளை விழுந்த இடம்
குப்பாயி களத்துக்கு நட்டநடு.
மிளகு காய்ந்துகொண்டிருந்தது.
சுத்தியலைப் பார்த்தும் அவர் மிளகை அள்ளவில்லை,
என்னைத் திட்டவும் இல்லை.
விளக்குமாற்று முனையால் களத்தின் ஓரத்தைத் தொட்டு
"இங்க நட்டா கரண்டு வராதா?" என்றார்.
டேப்பை விரித்தேன். பன்னிரண்டு அடி.

வரும்.
ஆனால் கோடு அங்கே முறியும்.
முறிகிற கம்பத்தை இழுத்துப் பிடிக்க ஸ்டே வேண்டும்.
ஸ்டே கம்பி வந்து மண்ணில் இறங்குவது
சடையன் வீட்டு வாசலில்.
இவர் மிளகு காய
அவர் பிள்ளைகள் கால் இடற வேண்டும்.

அன்றிரவு பள்ளிக்கூடத்தில் தங்கல்.
பேட்டரி விளக்கில் அன்றைய சுற்றைக் கணக்கிட்டேன்.
புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்தால்
மிச்சம் சுழியாக வேண்டும். எனக்கு ஒருநாளும் ஆனதில்லை.
அன்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.
மண்ணில் இறங்கிய முக்காலியா, காற்றா, என் கண்ணா,
அதைத் தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.
நடந்த தூரத்துக்குத் தக்கபடி
எல்லா முளைக்கும் பங்கிட்டுவிட வேண்டும்,
எதுவும் தனியாகச் சுமக்காதபடிக்கு.
பாலிடெக்னிக்கில் இரண்டு மதிப்பெண் கேள்வி.

பென்சில் அங்கேயே நின்றது.

பதினொன்றுக்குப் பன்னிரண்டு அடி என்றால்
பத்துக்கு எட்டு, ஒன்பதுக்கு நாலு.
மறுபக்கம் அப்படி முடியாது. பதின்மூன்று
வனத்துறைக் கல்லை ஒட்டி நிற்கிறது, அசைக்க விடமாட்டார்கள்.
பன்னிரண்டாவது மட்டும் ஆறடி வரட்டும்.
எங்கும் நாலு பாகைக்குமேல் திரும்பாது.
ஸ்டே வேண்டாம்.

விடிந்ததும் வீடு வீடாக.
எட்டடி போன இடத்தில் எஸ்டேட் மேனேஜர் அந்தோணிராஜ்
காப்பிச் செடிகளை விரல்விட்டு எண்ணினார்,
நாலு என்றார், மறுபடி எண்ணி மூன்று என்றார்.
நாலடி ஒரு பாறைமேல் விழுந்தது.
அதைக் குடைய இரண்டு நாள் ஆனது.
ஆறடி, மாரப்பனின் ஆட்டுப்பட்டி.
"அவ களத்துலதான என் மிளகும் காயுது" என்று
படலைப் பிடுங்கி அவரே நகர்த்தி நட்டார்.

இறுதி வரைபடத்தில் கோடு லேசாக வயிறு தள்ளியிருந்தது.
உதவிப் பொறியாளர் அதை விரலால் தடவி
"ஏம்மா வளையுது?" என்றார்.
குறிப்புப் பத்தியைக் காட்டினேன்:
தள நிலைமை காரணமாக.
பேனா மூடியைக் கடித்தபடி கையெழுத்திட்டார்.

தீர்த்தமலைதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
அந்த ஸ்டே கம்பிச் சுருளையும் தகட்டையும்
முந்தின நாள்தான் மூன்று கிலோமீட்டர் சுமந்து ஏற்றியிருந்தார்.
இப்போது இறக்க வேண்டும், ஸ்டோரில் கணக்குக் காட்ட வேண்டும்.
சுருளுக்குள் கழியைச் செருகி
ஒரு முனையை நான் பிடித்தேன்.
இறக்கத்தில் அது எங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டே வந்தது.
பதினான்காம் வளைவில், திரும்பிப் பார்க்காமல், கேட்டார்:
"கனக்குதா?"